பேரிங்கை மாற்றினால் போதுமா?

நண்பர்களே, நான் இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவன். ஊர் கிள்ளான். போன விடுமுறையில் ஒரு தொழிற்சாலையில் பத்து வாரம் தொழிற்பயிற்சி செய்தேன். முதல் வாரத்திலேயே ஒரு பம்ப் நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் பேரிங் போயிருந்தது. நானும் டெக்னீஷியன் அண்ணனும் சேர்ந்து இரண்டே மணி நேரத்தில் புது பேரிங்கைப் போட்டு ஓடவிட்டோம். நல்ல பெயர் கிடைக்கும் என்று நினைத்தேன். ஆனால் எங்களுக்கு மேற்பார்வையாளராக வந்திருந்த அமெரிக்கப் பொறியாளர் பம்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்டார்.

"அதான் சரி பண்ணிட்டோமே சார்" என்றேன்.

"ஏன் போனதுன்னு எழுதாம மாத்தினா, அடுத்த பேரிங்கும் அதே இடத்துல அதே மாதிரி போகும்" என்றார்.

அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் இந்தக் கட்டுரையே அந்த ஒரு வார்த்தையிலிருந்து பிறந்ததுதான்.

சில வாரம் கழித்து அவரை பிரிக்பீல்ட்ஸுக்கு வாழை இலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனேன். ரசம் வரைக்கும் ரசித்துச் சாப்பிட்டவர், தே தாரிக் வேண்டாம் என்றார். காப்பியும் வேண்டாமாம். "உடம்புக்கு ஆகாதா சார்?" என்று கேட்டேன். "எங்க மதத்துல டீ, காப்பி, மது, புகையிலை நாலும் கிடையாது. நான் மோர்மன்" என்றார். நம் வீட்டிலும் புரட்டாசி விரதம், தைப்பூச விரதம் என்று பழகியவன் நான். அதனால் அவர் மேல் ஒரு மரியாதை வந்தது. சாப்பிட்டு முடித்து விவேகானந்தா ஆசிரமம் பக்கமாக நடந்தோம். அது 1904-ல் தொடங்கப்பட்டது என்று நான் சொல்ல, அவர் தன் சபையின் கதையைச் சொன்னார். அன்று இரவு வீட்டுக்கு வந்து நானும் தேடித் தேடிப் படித்தேன்.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அவர்களின் முழுப் பெயர். நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற விவசாயி வீட்டு இளைஞர் 1830-ல் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 24. கிட்டத்தட்ட நம் வயது! மோர்மன் நூல் என்ற புதிய வேதத்தையும் அதே ஆண்டு வெளியிட்டார். மற்ற கிறிஸ்தவர்களுக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. மிசூரி மாநிலத்தில் குடியேறிய இடத்தில் பகை முற்றியது. 1838 அக்டோபர் 27 அன்று அந்த மாநில ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ் ஓர் ஆணை போட்டார். மோர்மன்களை அழிக்க வேண்டும், இல்லையென்றால் மாநிலத்தை விட்டே துரத்த வேண்டும் என்பது அதன் சாரம். மூன்று நாளில் ஹான்ஸ் மில் என்ற சிற்றூரில் 17 பேரைக் கொன்றார்கள். 1844-ல் ஜோசப் ஸ்மித்தையே சிறைக்குள் புகுந்து ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அதற்குப் பிறகு பிரிகாம் யங் என்பவர் தலைமையில் மாட்டு வண்டிகளில் மேற்கே புறப்பட்டு, 1847-ல் பாலைவனத்தை ஒட்டிய சால்ட் லேக் பள்ளத்தாக்கில் போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே 1849-ல் ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் தன் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு தொடங்கினார். அதே மனிதர் 1853-ல் இன்னும் இரண்டு பேரோடு கப்பலேறி மதராஸுக்கு வந்து இறங்கியிருக்கிறார்! நம்மவர்கள் பலர் மலாயாவுக்குக் கப்பலேறிய அதே கரை. அவருடைய பிரச்சாரம் அங்கே வேரூன்றவில்லை என்பது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில் மண்டபத்தில் தேவார வகுப்பு எடுக்கும் எனக்கு, அந்த வீட்டு வகுப்பு ரொம்பப் பக்கத்தில் இருப்பது போலத் தெரிந்தது.

இதுவரைக்கும் படித்தால் இது துன்பப்பட்டவர்களின் கதை. ஆனால் கதையின் மறுபக்கமும் இருக்கிறது.

1852-ல் பிரிகாம் யங் ஒரு தடையை வெளிப்படையாக அறிவித்தார். ஆப்பிரிக்க வம்சாவளியில் வந்த ஆண்களுக்கு ஆசாரியத்துவம் கிடையாது. அது மோர்மன் ஆண்கள் சாதாரணமாகப் பெறும் சமயத் தகுதி. அந்தக் குலத்து ஆண், பெண் இருவருக்குமே ஆலயத்தின் உயர்ந்த சடங்குகளும் கிடையாது. இத்தனைக்கும் ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1836-லேயே எலைஜா ஏபல் என்ற கறுப்பினத்தவருக்கு ஆசாரியத்துவம் கொடுத்திருக்கிறார்கள். பிறகு வந்த தடைக்குத்தான் பிறகு காரணம் தேடினார்கள்.

அந்தக் காரணங்களில் ஒன்றைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனிதர்கள் பிறப்பதற்கு முன்பே இறைவனிடம் ஆன்மாக்களாக வாழ்ந்தார்கள் என்பது மோர்மன் நம்பிக்கை. அந்த முன்வாழ்வில் உறுதியாக நிற்காதவர்கள்தான் கறுப்பராகப் பிறந்தார்கள் என்று சில தலைவர்கள் விளக்கம் சொன்னார்கள்.

இதை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் இல்லையா? "அவன் போன பிறவியில செஞ்ச வினை, இந்தச் சாதியில பொறந்துட்டான்." கடல் கடந்து, மொழி கடந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே இரண்டு சமூகங்கள் ஒரே சாக்கைக் கண்டுபிடித்திருக்கின்றன. வினைக் கொள்கையில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் அது நான் என்னைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடி. அடுத்தவன் முதுகில் ஒட்டுகிற சீட்டு கிடையாது.

ஜேன் மேனிங் ஜேம்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கதையை மட்டும் சொல்கிறேன். 1843-ல் அவரும் குடும்பமும் மோர்மன்களோடு சேரப் புறப்பட்டார்கள். பஃபலோ நகரில் படகில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். கிட்டத்தட்ட 1,300 கிலோமீட்டரை நடந்தே கடந்தார்கள். பாதம் வெடித்து ரத்தம் வந்ததாம். ஜோசப் ஸ்மித்தின் வீட்டிலேயே வேலை செய்தார். 1847-ல் சால்ட் லேக்குக்கும் போய்ச் சேர்ந்தார். வயதான காலத்தில் ஆலயச் சடங்குகளுக்கு அனுமதி கேட்டுத் தலைவர்களிடம் திரும்பத் திரும்ப விண்ணப்பம் வைத்தார். 1894-ல் ஒரு சடங்கு நடத்தினார்கள். எப்படி? ஜோசப் ஸ்மித் குடும்பத்துக்கு நித்தியத்துக்கும் "வேலைக்காரி"யாக அவரை இணைத்தார்கள். அதற்கும் அவரை உள்ளே விடவில்லை. அவருக்குப் பதிலாக வேறொரு பெண் நின்றார். 1908-ல் ஜேன் இறந்துபோனார்.

தடை எப்போது நீங்கியது? 1978 ஜூன் மாதம். அப்போதைய தலைவர் ஸ்பென்சர் கிம்பல், இறைவெளிப்பாடு கிடைத்தது என்று அறிவித்தார். தகுதியுள்ள எல்லா ஆண்களுக்கும் ஆசாரியத்துவம் உண்டு, நிறம் பார்ப்பதில்லை என்றார். அந்த நேரத்தில் பிரேசிலில் சாவோ பாவ்லோ நகரத்தில் ஓர் ஆலயம் எழும்பிக்கொண்டிருந்தது. ஆப்பிரிக்க வம்சாவளி விசுவாசிகள், தாங்களே உள்ளே போக முடியாத அந்த ஆலயத்துக்காகப் பணம் கொடுத்திருந்தார்கள். பலர் அழுதே விட்டார்கள். 1979-ல் ஜேனின் பெயரிலும் சடங்குகளைச் செய்து முடித்தார்கள். அவர் இறந்து 71 வருடம் கழித்து.

நான் கவனித்த இடம் இனிமேல்தான் வருகிறது. 1978 அறிவிப்பு தடையை நீக்கியது. ஆனால் தடை தவறா, முன்பு சொன்ன காரணங்கள் தவறா என்று அது எதுவும் சொல்லவில்லை. அந்தப் பழைய விளக்கங்களைச் சபை எழுத்தில் கைவிட்டது 2013-ல். இடையில் 35 வருடம்.

இன்னொரு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1838-ல் போட்ட அந்த அழிப்பு ஆணையை மிசூரி ஆளுநர் கிறிஸ்டோபர் பாண்ட் ரத்து செய்தது 1976 ஜூன் மாதம். 138 வருடம் கழித்து அந்த ஆணையால் யாருக்கும் ஆபத்து இல்லை. அது வெறும் பழைய காகிதம். ஆனாலும் அவர் சும்மா ரத்து செய்யவில்லை. மோர்மன்களுக்கு நேர்ந்த அநீதிக்கு மிசூரி மக்கள் சார்பில் வருத்தமும் தெரிவித்தார். செத்துப்போன ஆணைக்கு எதற்கு வருத்தம்? அடிபட்டவர்களின் பிள்ளைகளுக்கு அது தேவைப்பட்டது. அந்த ஆறுதலை அனுபவித்த சபை, சரியாக இரண்டு வருடத்தில் தன் தடையை நீக்கியபோது, அதே ஆறுதலைக் கறுப்பின விசுவாசிகளுக்குக் கொடுக்க மறந்துவிட்டது.

மறுவாரம் என் மேற்பார்வையாளரிடம் தயங்கித் தயங்கி இதைக் கேட்டேன். கோபப்படுவார் என்று பயந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "ஆமா. நாங்க பேரிங்கை மாத்திட்டோம். ரிப்போர்ட் எழுத 35 வருஷம் ஆச்சு. அதுவும் இன்னும் முடியலைன்னுதான் நான் நினைக்கிறேன்."

சரி, அடுத்தவர் வீட்டுக் கதையை இவ்வளவு நீட்டிச் சொல்வது எதற்கு? என் வீட்டுக் கதையைச் சொல்வதற்குத்தான்.

என் அப்பாயிக்கு வயது 84. கிள்ளான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் சீவி வாழ்ந்தவர். அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோவில்தான், தோட்டம் விற்கப்பட்ட பிறகு தாமானுக்குப் பக்கத்தில் மாற்றிக் கட்டப்பட்டு, இன்றைக்கு நான் இளைஞர் பிரிவுச் செயலாளராக இருக்கும் கோவில். போன வருடம் கோவிலுக்குச் சிறப்பு மலர் போட முடிவு செய்தார்கள். "தம்பி, நீ நல்லா எழுதுவ. கோவில் வரலாற்றை நீயே எழுதிடு" என்றார் தலைவர். பெருமையாக இருந்தது. அப்பாயியிடம் போய் உட்கார்ந்து, கைப்பேசியில் பதிவு செய்யத் தொடங்கினேன்.

அப்பாயி சொன்னது இது. சிறு வயதில் அவர்கள் குடும்பம் கடைசி லயத்தில் இருந்தது. திருவிழாவில் தப்பு அடிப்பது அவர்கள் அப்பா. சம்பளத்தில் கோவிலுக்குப் பிடிக்கும் காசு எல்லா லயத்துக்கும் ஒன்றுதான். ஆனால் அவர்கள் நிற்க வேண்டியது வேலிக்கு வெளியே. திருநீற்றைக் கையில் கொடுக்க மாட்டார்கள், மேலிருந்து போடுவார்கள். "அப்புறம் எப்ப உள்ள விட்டாங்க அப்பாயி?" என்று கேட்டேன். "யாரு விட்டா? கொஞ்சம் கொஞ்சமா நாங்களே போனோம். ஒருநாளு யாரும் ஒண்ணும் சொல்லல. அவ்வளவுதான்."

அதை மலரில் நான்கு வரியாக எழுதினேன். நிர்வாகக் கூட்டத்தில் அந்த நான்கு வரியை மட்டும் எடுக்கச் சொன்னார்கள்.

அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தோட்டத்தை விற்றபோது அலைந்து திரிந்து, கையெழுத்து வாங்கி, அம்மனுக்கு ஓர் இடம் வாங்கிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் சொன்ன காரணங்களும் லேசானவை அல்ல. மூன்றையும் இங்கே நேர்மையாக வைக்கிறேன்.

முதல் காரணம்: "இப்ப யாரு தம்பி சாதி பார்க்கிறா? எல்லாரும் ஒண்ணா உக்காந்து அன்னதானம் சாப்பிடுறோம். பழசைக் கிளறினா புண்ணுதான் பெருசாகும்." உண்மைதான், மாறிவிட்டோம். ஆனால் புண் யாருக்கு? மறந்துபோனவர்களுக்குப் புண் இல்லை. அப்பாயிக்கு அது 70 வருடமாக இருக்கிறது. நாம் புதிதாகக் கிளறவில்லை. இருப்பதைப் பார்க்கிறோம், அவ்வளவே. இன்னொன்றும் உண்டு. சாதி முழுசாகப் போய்விட்டது என்றால், நம் வீட்டுக் கல்யாணப் பேச்சில் மட்டும் அது எப்படித் திரும்ப வந்து உட்காருகிறது? ரிப்போர்ட் எழுதாத பேரிங் அதே இடத்தில்தான் மறுபடியும் போகும்.

இரண்டாவது காரணம்: "நம்ம ஒரு சிறுபான்மை. மத்தவங்க இதை எடுத்து வெச்சுக்கிட்டு நம்ம பிள்ளைங்களையே மதம் மாத்துவாங்க." இதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இந்த நாட்டில் ஒரு கோவிலைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். ஆனால் மோர்மன்களும் இதே பயத்தில்தான் இருந்தார்கள். 1857 செப்டம்பர் 11 அன்று மவுண்டன் மெடோஸ் என்ற இடத்தில், அவர்களின் உள்ளூர்ப் படையினர், மேற்கே போய்க்கொண்டிருந்த பயணிகள் சுமார் 120 பேரைக் கொன்றார்கள். சிறு குழந்தைகள் 17 பேரைத்தான் விட்டுவைத்தார்கள். பழியைப் பூர்வகுடிகள் மேல் போட்டார்கள். 20 வருடம் கழித்து ஒரே ஒருவருக்குத்தான் மரண தண்டனை. துரத்தப்பட்டவர்கள் நாங்கள், எதிரிக்கு இடம் கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் அவர்கள் வாயைக் கட்டியது. சபை பொதுவில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது 2007-ல், 150-ஆவது நினைவு நாளில். அதனால் அவர்கள் சபை கலைந்துவிடவில்லை.

அடிபட்டவன் என்பதாலேயே நான் யாரையும் அடிக்கவில்லை என்று ஆகிவிடாது. நம்மை விட்டுப் போனவர்களும், யாரோ மலரில் உண்மை எழுதியதால் போகவில்லை. வேலிக்கு வெளியே நின்று கால் வலித்ததால் போனார்கள்.

மூன்றாவது காரணம்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. பொருளாளர் ஐயா கேட்டார்: "மன்னிப்புன்னா யாரு கேக்குறது? அன்னைக்குச் செஞ்சவங்க யாரும் இப்ப இல்ல. நம்ம மதத்துக்கு ஒரு தலைவரும் இல்ல."

நியாயமான கேள்வி. மோர்மன்களுக்குத் தீர்க்கதரிசி என்று ஒருவர் இருக்கிறார். அவர் சொன்னால் ஒரே நாளில் உலகம் முழுக்க மாறும். நமக்கு அப்படி யாரும் இல்லை. அதை நாம் பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் தலைவர் இல்லாத சமயத்தில் பொறுப்பு காணாமல் போவதில்லை, பங்காகிறது. ஒவ்வொரு கோவிலும் தன் பங்கைத் தானே சுமக்க வேண்டும். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோவிலுக்குள் வைத்தியநாத ஐயர், பிற்காலத்தில் அமைச்சரான கக்கன் முதலியவர்களை அழைத்துப் போனார். எந்த மடாதிபதியின் ஆணைக்கும் அவர் காத்திருக்கவில்லை. கோவில் நிர்வாகத்தில் இருந்த ஆர். எஸ். நாயுடு வழிவிட்டார். ராஜாஜியின் அரசு சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. அந்த ஊரில் அந்தக் கோவிலில் பொறுப்பில் இருந்தவர்கள் தங்கள் பங்கைச் செய்தார்கள். சொத்தையும் பெருமையையும் முன்னோரிடமிருந்து வாங்கிக்கொள்கிறோம் என்றால், கடனையும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

நந்தனார் கதையை நாம் எல்லோரும் வகுப்பில் படித்திருக்கிறோம். திருப்புன்கூரில் சிவபெருமான் நந்தியை விலகச் சொன்னார், வெளியே நின்றவருக்குத் தரிசனம் கிடைத்தது. சிறு வயதில் நந்தி விலகிய அதிசயம் மட்டும்தான் மனசில் நின்றது. இப்போது வேறு ஒன்று தோன்றுகிறது. கல் நந்தியே விலகியபோது, உள்ளே இருந்த மனிதர்கள் ஒருவராவது வெளியே வந்து "ஐயா, உள்ளே வாருங்கள்" என்று கூப்பிட்டிருக்கலாமே? சிதம்பரத்தில் தீக்குள் இறங்கியவரும் நந்தனார்தான். நிறுத்தி வைத்தவர்களில் யாரும் தீயில் இறங்கவில்லை.

மலர் அந்த நான்கு வரி இல்லாமலேயே வெளிவந்தது. பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. என் பெயரும் இருந்தது. அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தடவிப் பார்த்துவிட்டு, "எங்கப்பா தப்பு அடிச்சது இதுல இருக்காய்யா?" என்று கேட்டார்.

"அடுத்த மலர்ல வரும் அப்பாயி" என்றேன்.

"அடுத்த மலரு எப்ப? அதுவரைக்கும் நான் இருக்கணுமே" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜேன் மேனிங் ஜேம்ஸுக்கு 71 வருடம் தாமதமாக வந்ததுதான் நினைவுக்கு வந்தது.

நண்பர்களே, உங்களிடம் நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. உங்கள் கோவிலுக்கும் ஒரு வரலாறு இருக்கும். ஒரு சனிக்கிழமை மாலை உங்கள் பாட்டி தாத்தா பக்கத்தில் உட்காருங்கள். கைப்பேசியை ஆன் பண்ணுங்கள். "திருவிழா அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்க?" என்று கேளுங்கள். உள்ளே நின்றிருந்தால், வெளியே நின்றது யார் என்றும் கேளுங்கள். பெரியவர்களோடு சண்டை வேண்டாம். அவர்கள் கட்டிய கோவிலில்தான் நாம் நிற்கிறோம். ஆனால் அடுத்த மலருக்கு எழுதும்போது அந்த வரியையும் எழுதுங்கள்.

அன்றைக்கு எழுதிய பம்ப் ரிப்போர்ட் ஒன்றரைப் பக்கம் வந்தது. எடுக்கப்பட்ட என் வரிகள் நான்குதான். கோவில் பெயர் போடாமல் இங்கே எழுதுகிறேன்:

"இத்தோட்டத்து மக்கள் அனைவரின் சம்பளக் காசிலும் இக்கோவில் எழுந்தது. ஆயினும் கடைசி லயத்து மக்கள் பல ஆண்டுகள் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அது தவறு. அவர்கள் அடித்த தப்பு ஓசையில்தான் அம்மன் ஊர்வலம் வந்தாள் என்பதை நன்றியோடும் வருத்தத்தோடும் பதிவு செய்கிறோம்."

இதழ் கைக்கு வந்ததும் அப்பாயிக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.